இரும்புக்குள் எட்டிப் பார்த்த மனிதர்: ஹென்றி கிளிஃப்டன் சோர்பி

ஒரு சின்ன வேலை செய்து பாருங்கள். பழைய ஒயர் ஒன்றை உரித்து, கொஞ்சம் தடிமனான செம்புக் கம்பியை வெளியே எடுங்கள். அதை ஒரே இடத்தில் நாலைந்து முறை வளைத்து நிமிர்த்துங்கள். முதல் தடவை சொன்னபடி கேட்கும். மூன்றாவது தடவை அடம் பிடிக்கும். அதற்கு மேலும் வம்பு பண்ணினால் உடைந்தே போகும். உடைவதற்கு முன்னால் நிறுத்திவிட்டு, இடுக்கியில் பிடித்து அடுப்புத் தீயில் சிவக்கும்வரை காட்டி ஆறவிடுங்கள். இப்போது வளைத்துப் பாருங்கள். பழைய சாது திரும்பி வந்திருக்கும்.

நடுவில் என்ன நடந்தது? கம்பி உருகவில்லை. வேறு உலோகம் எதுவும் அதில் சேரவில்லை. ஆனாலும் உள்ளே ஏதோ ஒன்று தலைகீழாக மாறியிருக்கிறது. கொல்லர்களுக்கும் பொற்கொல்லர்களுக்கும் இந்த வித்தை ஆயிரக்கணக்கான வருஷமாகத் தெரியும். அடித்தால் இறுகும், சூடு காட்டினால் இளகும். ஏன் என்றுதான் யாருக்கும் தெரியாது.

நமக்கு இது இரண்டு மார்க் கேள்வி. ரீகிரிஸ்டலைசேஷன் என்று எழுதி, சிதைந்த கிரெயின்களின் இடத்தில் புதிய கிரெயின்கள் முளைக்கின்றன என்று ஒரு வரி சேர்த்தால் முடிந்தது. அந்த ஒரு வரியை இரும்பில் முதன்முதலாகக் கண்ணால் பார்த்து எழுதிய மனிதரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அவர் மெட்டலர்ஜி படித்தவர் இல்லை. எந்தக் கல்லூரியிலும் பட்டம் வாங்கியவரும் இல்லை.

வேலைக்குப் போகாத பையன்

ஹென்றி கிளிஃப்டன் சோர்பி 1826 மே 10-ஆம் தேதி இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பக்கத்தில் பிறந்தார். ஷெஃபீல்டு என்றால் இரும்பு, எஃகு, கத்தி, உளி. அவருடைய அப்பாவும் வெட்டுக்கருவிகள் செய்து விற்ற குடும்பத்தைச் சேர்ந்தவர்தான். ஒரே பிள்ளை. பள்ளியில் பரிசாகக் கிடைத்த ஓர் அறிவியல் புத்தகம் அவரைப் பிடித்துக்கொண்டது. பிறகு வீட்டுக்கே ஆசிரியர் வந்து கணக்கும் அறிவியலும் சொல்லிக் கொடுத்தார்.

1847-இல் அப்பா இறந்துபோனார். சோர்பிக்கு அப்போது 21 வயது. சிக்கனமாக இருந்தால் வாழ்நாள் முழுக்கச் சம்பாதிக்காமலே ஓட்டிவிடலாம் என்கிற அளவுக்குச் சொத்து இருந்தது. அந்த வயதில் அவ்வளவு சுதந்திரம் கிடைத்தால் நாம் என்ன பண்ணுவோம் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சோர்பி வீட்டிலேயே ஒரு ஆய்வுக்கூடம் அமைத்தார். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அம்மா 1874-இல் இறக்கும்வரை அவருடனேயே இருந்தார். யாருக்கும் ரிப்போர்ட் கொடுக்க வேண்டியதில்லை, யாரும் டெட்லைன் வைக்கவில்லை. தோன்றியதை ஆராய்ந்தார்.

இதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்: குடும்பப் பணம் இல்லாமல் இந்த வாழ்க்கை நடந்திருக்காது. அதே வசதி அந்த ஊரில் வேறு எத்தனையோ வீடுகளில் இருந்தது. அங்கிருந்தெல்லாம் ஒரு சோர்பி வரவில்லை என்பதும் உண்மைதான்.

மலையை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கிறவன்

அவர் முதலில் கை வைத்தது உலோகத்தில் இல்லை, பாறையில். பல், எலும்பு, புதைபடிவம் இவற்றை மெல்லிய சீவல்களாகத் தேய்த்து மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் முறையை வில்லியம்சன் என்ற இயற்கை அறிஞரிடமிருந்து தெரிந்துகொண்டார். அதையே பாறைக்குச் செய்தால் என்ன என்று 1849 வாக்கில் ஆரம்பித்தார். ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது சுமார் 0.025 மில்லிமீட்டர் தடிமன் வரும்வரை தேய்ப்பார். அந்த அளவுக்கு வந்ததும் கல் கண்ணாடிபோல ஒளியை உள்ளே விடும். உள்ளே இருக்கும் ஒவ்வொரு படிகமும் தெரியும்.

பார்த்ததோடு நிற்கவில்லை, அளந்தார். ஒரு பாறையில் எந்தக் கனிமம் எத்தனை சதவீதம் என்று தெரிய வேண்டும். கம்ப்யூட்டர் கிடையாது, இமேஜ் அனாலிசிஸ் கிடையாது. மைக்ரோஸ்கோப்பில் தெரிவதைக் காகிதத்தில் வரைந்து, ஒவ்வொரு கனிமத்தின் பகுதியையும் கத்தரித்து, காகிதத் துண்டுகளைத் தராசில் நிறுத்தார். எடை விகிதம்தான் பரப்பு விகிதம். எவ்வளவு எளிமை பாருங்கள்! இந்த யோசனையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சிலேட்டுப் பாறை ஏன் தாள் தாளாகப் பிளக்கிறது என்ற கேள்வியையும் எடுத்தார். பூமிக்குள் பலத்த அழுத்தத்தில் பாறை நசுங்கும்போது உள்ளே இருக்கும் துணுக்குகள் தட்டையாகி, ஒரே பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொள்கின்றன. அதனால்தான் பிளக்கிறது என்று காட்டினார். களிமண்ணில் இரும்பு ஆக்சைடு செதில்களைக் கலந்து, அழுத்தி, அதே அமைப்பைச் செயற்கையாக உண்டாக்கியும் பார்த்தார். திடப்பொருள் ஒன்று நசுங்கினால் அதன் உள்ளமைப்பு எப்படி மாறும் என்ற கேள்வி அப்போதே அவர் மனதில் உட்கார்ந்துவிட்டது.

அந்தக் காலத்துப் புவியியலாளர்கள் சிரித்தார்கள். மலை என்பது ஏறி இறங்கிப் பார்க்க வேண்டிய விஷயம். மைக்ரோஸ்கோப்பில் மலையைப் பார்ப்பதா என்று கிண்டல் பண்ணினார்கள். சோர்பி சண்டைக்குப் போகவில்லை. படிகங்களுக்குள் சிறைப்பட்ட நுண்ணிய திரவத் துளிகளை வைத்து, அந்தப் பாறை எந்த வெப்பநிலையில் உருவானது என்று கணிக்கலாம் என 1858-இல் கட்டுரை வெளியிட்டார். அதற்கு முந்தைய வருஷமே, 31 வயதில், ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியிருந்தது. சிர்க்கெல் என்ற ஜெர்மானிய இளைஞர் அவரிடமிருந்து இந்த முறையைக் கற்றுக்கொண்டு போய் ஜெர்மனியில் பரப்பினார். இன்று சிவில் படிக்கிறவர்கள் ஜியாலஜி லேபில் பார்க்கும் பாறைச் சீவல் அந்த வழியில் வந்ததுதான்.

அச்சு ஏன் உடைந்தது?

இப்போது உலோகத்துக்கு வருவோம். சோர்பியின் இளமைக் காலம் ரயில் பரவிய காலம். 1842 மே மாதம் பிரான்சில் வெர்சாயிலிருந்து பாரிஸுக்குத் திரும்பிய ரயிலின் எஞ்சின் அச்சு முறிந்து, தீப்பிடித்து, 50-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். உடைந்த அச்சுகளின் முறிவு முகம் பளபளவென்று படிகம்போல மின்னும். அதைப் பார்த்துப் பல பொறியாளர்கள் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள்: நல்ல இரும்பு நார்போல இருக்கும், ஓடி ஓடி அதிர்ந்து அது படிகமாக மாறிவிடுகிறது, படிகமானதும் உடைகிறது.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது, இல்லையா? ஆனால் அஸ்திவாரமே தப்பு. இரும்பு புதிதாகப் படிகமாக மாறுவதற்கு ஒன்றுமில்லை, அது எப்போதுமே படிகங்களின் கூட்டம்தான். அடித்து நீட்டிய இரும்பும் படிகம்தான், வார்த்த இரும்பும் படிகம்தான். காரணம் தப்பாக இருந்தால் மருந்தும் தப்பாகத்தான் இருக்கும். அச்சுக்குள் யாராவது பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்க்க வழி இல்லை.

சோர்பி இந்தப் பக்கம் வந்தது விண்கற்கள் மூலமாக. இரும்பு விண்கல்லை வெட்டி அமிலம் பூசினால் அழகான கோடுகள் தெரியும். விண்ணிலிருந்து விழுந்த இரும்பு இப்படி என்றால், நம்ம ஊர் இரும்பு எப்படி இருக்கும்? ஷெஃபீல்டில் உட்கார்ந்துகொண்டு இந்தக் கேள்விக்கு இரும்பு தேட வேண்டியதில்லை. 1863-இல் வேலையை ஆரம்பித்தார்.

பாறையில் செய்ததை இங்கே செய்ய முடியாது. உலோகத்தை எவ்வளவு மெல்லியதாகத் தேய்த்தாலும் அவருடைய கண்ணாடி லென்சுக்குள் ஒளி ஊடுருவி வராது. அதனால் மேற்பரப்பைத்தான் பார்க்க வேண்டும். ஒளியை மேலிருந்து பாய்ச்ச, லென்சில் பாதியை மறைக்கும் ஒரு சின்ன வெள்ளிக் கண்ணாடியைப் பயன்படுத்தினார். மாதிரியை எமரி தாள்களில் வரிசையாகத் தேய்த்து, பிறகு மிக நுண்ணிய பொடிகளால் மெருகேற்றி, மிகவும் நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் தோய்த்தார்.

என்னங்க, எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? மெட்டலோகிராஃபி லேபில் எமரி பேப்பர் ஒன்றிலிருந்து அடுத்ததுக்கு மாறும்போது மாதிரியை 90 டிகிரி திருப்பித் தேய்க்கச் சொல்லி, கடைசியில் நைட்டால் ஊற்றுகிறார்களே, அந்த வரிசையின் மூலம் இதுதான். ஒரு விஷயத்தில் மட்டும் அவர் விடாப்பிடியாக இருந்தார். அழுத்தித் தேய்த்து வெறுமனே பளபளப்பாக்கினால் போதாது. தேய்ப்பதே மேல்தோலை நசுக்கிவிடும். அந்த நசுங்கிய தோல் போகும்வரை பொறுமையாகப் போக வேண்டும். இல்லாவிட்டால் நாம் பார்ப்பது இரும்பை இல்லை, நம்முடைய தேய்ப்பை.

1864 செப்டம்பரில் பாத் நகரில் நடந்த பிரிட்டிஷ் அசோசியேஷன் கூட்டத்தில், பல வகை இரும்பு, எஃகின் மைக்ரோஸ்கோப் புகைப்படங்களைக் காட்டினார். உலோகத்தின் உள்ளமைப்பு உலகத்துக்கு முன்னால் வைக்கப்பட்டது. உலகம் பார்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டது.

எஃகு ஆலைகளுக்கு நடுவில் வாழ்ந்தவரின் கண்டுபிடிப்பை அந்த ஆலைகளே கண்டுகொள்ளவில்லை. விபத்து நடந்த இடத்தில் ஒரு தண்டவாளத்தைக் கழற்றி மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள் என்று அன்றைக்குச் சொல்லியிருந்தால் தன்னைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்பியிருப்பார்கள் என்று, வயதான பிறகு அவர் நினைவுகூர்ந்தார். சோர்பியும் மல்லுக்கட்டவில்லை. மைக்ரோஸ்கோப்போடு நிறமாலைமானியை இணைத்து, ரத்தக் கறையைச் சின்ன அளவிலும் அடையாளம் காணும் வழியைத் தேடிப் போய்விட்டார். இலைகளின் நிறம், விண்கற்கள் என்று எங்கெங்கோ சுற்றினார். 1878-இல் கிளிம்ப்ஸ் என்ற படகை வாங்கி, கோடைகாலங்களைக் கடலோரத்தில் கழித்தார். தேம்ஸ் நதியில் கலந்த லண்டன் கழிவுநீரை ஆராய்ந்து அரசு விசாரணைக் குழுவுக்கும் உதவினார்.

இருபது வருஷம். அதற்குள் ஜெர்மனியில் மார்ட்டென்ஸ் 1878-இல் தானாகவே உலோகங்களை மைக்ரோஸ்கோப்பில் பார்க்க ஆரம்பித்திருந்தார். பிரான்சில் ஆஸ்மண்டும் இதே பாதைக்கு வந்தார்.

நீண்ட கிரெயின்கள் எங்கே போயின?

இனி யாரும் சிரிக்க மாட்டார்கள் என்ற நிலை வந்த பிறகு, 1886, 1887-ஆம் ஆண்டுகளில் இரும்பு எஃகு நிறுவனத்தின் இதழில் சோர்பி தன் வேலையை விரிவாக வெளியிட்டார். அவருக்கு 60 வயது ஆகியிருந்தது. 650 மடங்கு உருப்பெருக்கத்தில் எஃகைப் பார்த்தபோது, முத்துச்சிப்பி போல மினுங்கிய ஒரு பகுதி மெல்லிய தகடுகள் மாறி மாறி அடுக்கிய அமைப்பாகப் பிரிந்து தெரிந்தது. நாம் பியர்லைட் என்று படம் போடுகிறோமே, அதுதான். இரும்பு–கார்பன் வரைபடம் முழுமையாக வரைவதற்கு முன்னாலேயே அவர் அதைப் பார்த்துவிட்டார்.

நம் கதைக்கு முக்கியமானது இன்னொன்று. அடித்து, உருட்டி நீட்டிய இரும்பில் கிரெயின்கள் நீளநீளமாக இழுபட்டுக் கிடந்தன. அதே இரும்பைச் சூடாக்கிய பிறகு பார்த்தால், நீண்ட கிரெயின்களைக் காணவில்லை. அந்த இடத்தில் எல்லாப் பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவுள்ள புதிய கிரெயின்கள். இதிலிருந்து அவர் வந்த முடிவு: நசுங்கி இழுபட்ட படிகம் நிலையற்றது, வெப்பம் கிடைத்ததும் அது மறுபடியும் படிகமாகி, நிலையான அமைப்புக்குத் திரும்புகிறது. சில வருஷங்களுக்கு முன்னால், 1881-இல், காலிஷர் என்பவர் துத்தநாகத்தில் இதுபோன்ற மாற்றத்தைக் கவனித்திருந்தார். இரும்பில் அதைப் பார்த்து, ஏன் என்றும் சொன்னவர் சோர்பி.

இதற்குப் பிறகும் எல்லோரும் ஒத்துக்கொள்ளவில்லை. அடித்த உலோகம் படிகத் தன்மையையே இழந்துவிடுகிறது என்ற நம்பிக்கை தொடர்ந்தது. 1900 வாக்கில் ஈவிங்கும் ரோசன்ஹைனும், உலோகம் வளையும்போது படிகத் தளங்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குகின்றன, படிகம் படிகமாகவே இருக்கிறது என்று காட்டிய பிறகுதான் அந்த நம்பிக்கை தளர்ந்தது.

நிலையற்றது என்று சோர்பி சொன்னதற்கு உள்ளே இருக்கும் பொறிமுறை இன்று நமக்குத் தெரியும். கம்பியை வளைக்க நாம் செலவழிக்கும் ஆற்றலில் பெரும்பகுதி வெப்பமாகப் போய்விடும். சில சதவீதம் மட்டும் டிஸ்லோகேஷன்களாக, அதாவது அணு வரிசையில் விழுந்த பிசகுகளாக, உள்ளே தங்கிவிடுகிறது. பிசகுகள் பெருகினால் ஒன்றையொன்று வழிமறிக்கும். அதனால்தான் கம்பி அடம் பிடிக்கிறது. சூடாக்கும்போது, பிசகுகள் குறைவான சின்னச் சின்ன இடங்கள் கருவாகி, சுற்றியிருக்கும் சிதைந்த பகுதியைத் தின்று வளர்கின்றன. இதற்குத் தேவையான வெப்பநிலை, உருகுநிலையைக் கெல்வினில் எடுத்து 0.3 முதல் 0.5-ஆல் பெருக்கினால் வரும் அளவுக்குப் பக்கத்தில் இருக்கும். அதிகம் அடித்த உலோகம் குறைந்த வெப்பத்திலேயே மாறிவிடும். உள்ளே கிடக்கும் ஆற்றல் அதிகம் இல்லையா!

அவர் கண்ணுக்கு எட்டாதது

டிஸ்லோகேஷனை சோர்பியால் பார்த்திருக்கவே முடியாது. ஒளியைப் பயன்படுத்தும் சாதாரண மைக்ரோஸ்கோப்புக்குச் சுமார் 0.2 மைக்ரானுக்குக் கீழே கண் தெரியாது. 1931-இல் ரூஸ்காவும் க்னோலும் ஒளிக்குப் பதில் எலக்ட்ரானைப் பயன்படுத்தி அந்தச் சுவரை உடைக்க வழி செய்தார்கள். 1956-இல் கேம்பிரிட்ஜில் மெல்லிய அலுமினியத் தகட்டில் டிஸ்லோகேஷன்கள் நகர்வதையே பார்த்துவிட்டார்கள்.

இப்போது ரீகிரிஸ்டலைசேஷனை அளக்க அதிகம் பயன்படுவது ஸ்கேனிங் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் செய்யும் இபிஎஸ்டி. மாதிரியை 70 டிகிரி சாய்த்து வைத்து எலக்ட்ரான் கற்றையை ஒரு புள்ளியில் விழவிட்டால், திரையில் குறுக்கும் நெடுக்குமாகப் பட்டைகள் தெரியும். கிகுச்சி பட்டைகள் என்று பெயர். அந்தப் புள்ளியில் படிகம் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்பதைப் பட்டைகளே சொல்லிவிடும். இப்படி லட்சக்கணக்கான புள்ளிகளை எடுத்தால் ஒரு வண்ண வரைபடம் கிடைக்கும். சிதைந்த கிரெயினுக்குள் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் திசை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொண்டே போகும். புதிதாக முளைத்த கிரெயினுக்குள் திசை ஏறக்குறைய ஒன்றேதான். உள்ளே திசை விலகல் சராசரியாக 2 டிகிரிக்குள் இருந்தால் புதியது, அதற்கு மேல் போனால் பழையது என்று பலர் பிரிக்கிறார்கள். புதியவற்றின் பரப்பைக் கூட்டி, மொத்தப் பரப்பால் வகுத்தால், எத்தனை சதவீதம் மாறியது என்று வந்துவிடும்.

அனீலிங் நேரத்தை மாற்றி மாற்றி இதையே செய்து, நேரத்துக்கு எதிராகச் சதவீதத்தை வரைந்தால் எஸ் வடிவ வளைவு வரும். அவ்ராமி சமன்பாடு என்று படிக்கிறோமே, அது விவரிப்பது இந்த வளைவைத்தான். கார் கதவுக்கு வரும் எஃகுத் தகடு அச்சில் அழுத்தும்போது கிழியாமல் இருக்க, அது உலையில் எவ்வளவு நேரம் இருக்க வேண்டும் என்று தீர்மானிக்க இந்த மாதிரி வளைவுகள்தான் கை கொடுக்கின்றன.

இப்போது காகிதத் துண்டுகளை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். வெட்டிய முகத்தில் ஒரு பகுதி எத்தனை சதவீதப் பரப்பைப் பிடிக்கிறதோ, சராசரியாக அத்தனை சதவீதக் கன அளவையும் பிடிக்கும். சாஃப்ட்வேர் இன்று புள்ளிகளை எண்ணுகிறது, சோர்பி காகிதத்தை நிறுத்தார். கணக்கு ஒன்றுதான்.

அவருடைய எச்சரிக்கையும் மாறவில்லை. இபிஎஸ்டி சிக்னல் மேற்பரப்பிலிருந்து சில பத்து நானோமீட்டர் ஆழத்திலிருந்துதான் வருகிறது. மெருகேற்றும்போது நசுங்கிய தோல் மிச்சம் இருந்தால் பட்டைகள் மங்கிப்போகும். முழுதாக மாறிய மாதிரிகூடச் சிதைந்ததாகத் தெரியும். அந்த 2 டிகிரி எல்லையை 1 ஆக்கினால் விடை ஒன்று, 3 ஆக்கினால் விடை வேறு. அதனால் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் வெறும் 85 சதவீதம் என்று எழுதினால் அது பாதி பதில்தான். எந்த எல்லையில், எத்தனை மைக்ரான் இடைவெளியில் புள்ளிகள் எடுத்து வந்த 85 என்றும் எழுத வேண்டும். லட்சக்கணக்கில் விலையுள்ள மெஷின் கொடுத்த எண் என்பதால் அது தானாகவே உண்மையாகிவிடாது.

கடைசிக் கட்டுரை

ஷெஃபீல்டில் மார்க் ஃபிர்த் தொடங்கிய கல்லூரியைச் சோர்பி தலைவராக இருந்து பல வருஷம் வளர்த்தார். அது 1905-இல் ஷெஃபீல்டு பல்கலைக்கழகமானது. கல்லூரியில் படித்துப் பட்டம் வாங்காத மனிதர், தன் ஊர்ப் பிள்ளைகள் பட்டம் வாங்க ஒரு பல்கலைக்கழகம் அமைய உழைத்தார். புவியியல் பேராசிரியர் பதவிக்கும், ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் தன் சொத்திலிருந்து எழுதி வைத்தார். 1908 மார்ச் 9-ஆம் தேதி, 81 வயதில் காலமானார்.

எஃகின் ஒரு நுண்ணமைப்புக்கு ஆஸ்மண்ட் அவர் நினைவாக சோர்பைட் என்று பெயர் வைத்தார். ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தின் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் மையத்துக்கும் சோர்பி பெயர்தான். அவர் பார்க்க முடியாததைப் பார்க்கும் கருவிகள் அவர் பெயர் போட்ட மையத்தில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

அவர் இறந்த அந்த 1908-லேயே அவருடைய நீளமான கடைசிக் கட்டுரை வெளியானது. மணல் தண்ணீரில் எவ்வளவு வேகத்தில் படிகிறது, களிமண் எவ்வளவு இறுகுகிறது என்று வாழ்நாள் முழுக்கச் சேர்த்து வைத்திருந்த அளவீடுகள் அதில் இருந்தன. பாறைகளின் அமைப்பையும் வரலாற்றையும் எண்களால் அளந்து படிப்பது எப்படி என்பதுதான் அந்தக் கட்டுரையின் பொருள்.

அடுத்த தடவை லேபில் எமரி பேப்பரோடு மல்லுக்கட்டி, கை வலித்து, போதும்டா சாமி என்று தோன்றும்போது, இன்னும் ஐந்து நிமிஷம் தேய்த்துவிட்டு மைக்ரோஸ்கோப்பில் வையுங்கள். ரெக்கார்டு நோட்டில் சீனியர் வரைந்த படத்தைப் பார்த்து வரையாமல், உங்கள் மாதிரியில் என்ன தெரிகிறதோ அதை வரையுங்கள். கிரெயின் நீண்டிருக்கிறதா, உருண்டிருக்கிறதா என்று நீங்களே பாருங்க. 1863-இல் ஷெஃபீல்டில் அவர் செய்ததும் அதுதான்.